ஆயுத ஒப்பந்தத்தில் நாடாளுமன்றத்துக்கு என்ன வேலை: பிரான்ஸ், அமெரிக்கா, இந்தியா

ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் ஏன் முக்கியம் என்று புதுச்சேரிக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது, 1956-இல் ஒப்பந்தமும் கையெழுத்தானது, ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து 1962 ஆகஸ்ட் 16 வரும்வரை சட்டப்படி நாம் இந்தியாவோடு சேரவில்லை.

பிரான்ஸில் இன்றும் முக்கிய ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டே அனுமதி தர வேண்டும். வெளிநாட்டுக்குப் படை அனுப்பினால் 3 நாளில் தகவல், 4 மாதம் தாண்டினால் வாக்கெடுப்பு என்று 2008-இல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். ஆயுத விற்பனையில் மட்டும் அரசின் கைதான் ஓங்கியிருக்கிறது, நாடாளுமன்றத்துக்கு ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வரும்.

அமெரிக்கா இதைவிடக் கறார். ஒப்பந்தத்துக்கு செனட் என்ற மேலவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கிளிண்டன் 1996-இல் கையெழுத்திட்ட அணுசோதனைத் தடை ஒப்பந்தம் 1999-இல் 48-51 என்று தோற்றது, இன்றுவரை அந்த நாடு அதை ஏற்கவில்லை. பெரிய ஆயுத விற்பனையையும் காங்கிரஸுக்கு (அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு) முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஆனால் 2019-இல் சவுதிக்கான விற்பனையைத் தடுக்க இரு அவைகளும் தீர்மானம் போட்டும், டிரம்ப் வீட்டோ என்ற ரத்து அதிகாரத்தால் அதை முறியடித்துவிட்டார்.

சரி, நம் ஊர்? கையெழுத்தும் ஏற்பும் (ஒப்பந்தத்துக்கு நாடு கட்டுப்படும் என்று முறைப்படி உறுதி செய்வது) அமைச்சரவையின் வேலை, உள்நாட்டுச் சட்டம் தேவைப்பட்டால்தான் நாடாளுமன்றத்துக்கு வரும். ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தைப் பாருங்கள்: 1993-இல் கையெழுத்து, 1996-இல் ஏற்பு, சட்டம் 2000-இல். பட்டியலில் உள்ள ரசாயனத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தயாரிக்கும் ஆலை கணக்குக் காட்ட வேண்டும், சர்வதேச ஆய்வாளர்களை உள்ளே விட வேண்டும். கடலூர் சிப்காட்டில் அப்படி ஓர் ஆலை இருந்தால் அதற்கும் இதே விதிதான். இவ்வளவு பெரிய கடமையை நாடு ஏற்று நாலு வருடம் கழித்துத்தான் சட்டம் நிறைவேறியது! 2008 இந்திய-அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தத்திலோ, அமெரிக்காவின் இரு அவைகளும் ஒப்பந்தத்தின் மீதே வாக்களித்தன, நம் மக்களவையில் 275-256 என்று நடந்தது அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு மட்டுமே. பாதுகாப்பு, வெளியுறவு விஷயங்களுக்கு எம்.பி.க்கள் அடங்கிய நிலைக்குழுக்கள் நமக்கும் உண்டு, ஆனால் அவற்றின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது.

என்னைக் கேட்டால் நமக்குப் பிரெஞ்சு வழிதான் பொருந்தும். அமெரிக்க முறையில் ஒரு சிறு அணியே நல்ல ஒப்பந்தத்தை முடக்கிவிடலாம். ஏற்புக்கு முன் மக்களவையில் சாதாரணப் பெரும்பான்மை போதும். ரகசியம் வெளியே போகும் என்பார்கள், ஆனால் நிலைக்குழுக் கூட்டங்கள் இப்போதும் மூடிய அறையில்தானே நடக்கின்றன? ஒப்பந்தங்களுக்கென்று தனிச்சட்டம் வேண்டும் என்று அரசியல் சட்ட மறுஆய்வு ஆணையம் 2002-லேயே பரிந்துரைத்துவிட்டது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரிடம், இந்தச் சட்டத்துக்குத் தனிநபர் மசோதாவாவது (அமைச்சரல்லாத எம்.பி. கொண்டுவரும் மசோதா) கொண்டுவருவாரா என்று கேளுங்கள்.