வீட்டுக்கு அலாரமா, தெருவுக்கு விளக்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் தெருவுக்குப் போன வருடம் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீடும் தனித்தனியாக ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் (அலாரம் அடித்தால் துப்பாக்கியோடு ஆள் அனுப்பும் தனியார் காவல்) நிறுவனம் ஒன்றில் சேர்ந்து மாதச் சந்தா கட்டுவது ஒரு வழி. அதே பணத்தைப் பொதுவில் போட்டு, தெருவைப் பார்த்து விளக்குகள் வைத்து, இரவுக்கு ஒரு காவலாளியை நடக்கவிடுவது இன்னொரு வழி. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். அதற்காகக் கூட்டத்தில் வாதாடியவன் நான், ஆகவே இங்கே நடுநிலையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வாதாடுவதற்கு முன் குற்றத்தைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். அந்தப் படிப்புதான் என்னை ஒரு பக்கம் சாய்த்தது.

மூன்றாவது வழி ஒன்று எல்லாக் கூட்டத்திலும் எழும்: "தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டுவா, எல்லாம் சரியாகிவிடும்." அரசியல் சாசன நீதிமன்றம் 1995இல் மக்வான்யானே வழக்கில் தூக்கை ஒழித்தது. ஆனால் 1997இல் வந்த சட்டம் கடும் குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையை நிர்ணயித்தது: ஆயுதத்தோடு கொள்ளையடித்தால் முதல் தடவைக்கே 15 வருடம், திட்டமிட்ட கொலைக்கு ஆயுள். தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே நீதிபதி குறைக்கலாம். இந்தச் சட்டம் இருக்கும்போதே நாட்டின் கொலை விகிதம் லட்சத்துக்குச் சுமார் 30 வரை இறங்கியது, அது 2011-12. அதே சட்டம் இருக்கும்போதே 2022-23இல் சுமார் 45க்கு ஏறியது. தண்டனையின் நீளத்தை வைத்து இந்த ஏற்ற இறக்கத்தை விளக்க முடியாது.

பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1968இல் போட்ட கணக்கு எளிது. பிடிபடும் வாய்ப்பையும் பிடிபட்டால் கிடைக்கும் தண்டனையையும் குற்றவாளி சேர்த்து எடைபோடுகிறான் என்றார். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் இந்த இரண்டில் முதலாவதன் கைதான் ஓங்கியிருக்கிறது. புளோரிடாவில் 18 வயது நிறைந்த நாளிலிருந்து பெரியவர்களுக்கான தண்டனை. அந்தப் பிறந்தநாளைத் தாண்டியதும் இளைஞர்களின் குற்றம் சட்டென்று விழுகிறதா என்று லீ, மெக்ரேரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். மிகச் சொற்பமாகத்தான் குறைந்தது. எப்படியும் நீதிமன்றத் தண்டனை ஒரு தெரு கமிட்டியின் கையில் இல்லை. எனவே அதை விட்டு மற்ற இரண்டுக்கு வருகிறேன்.

ஆர்ம்ட் ரெஸ்பான்ஸைப் பற்றி இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பதிவு பெற்று வேலையில் இருக்கும் தனியார் காவலர்கள் 5 லட்சத்துக்கும் மேல். போலீஸ் துறையின் மொத்தப் பணியாளர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. அலாரம், பேனிக் பட்டன், கேட்டில் நிறுவனத்தின் போர்டு. பட்டனை அழுத்தினால் துப்பாக்கியோடு வண்டி வரும், பெரும்பாலும் போலீசுக்கு முன்னால் வரும். தனியாக இருக்கும் வயதான ஆன்ட்டிகளுக்கு அது ஒரு தைரியம். அந்தத் தைரியத்துக்கு விலை உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சரி, அப்படியானால் ஏன் அது வேண்டாம் என்றேன்? கூட்டத்தில் எங்கள் தெருவின் மேட்டு வீட்டு ஆன்ட்டி கேட்ட ஒரு கேள்விதான் காரணம். "எல்லாரும் போர்டு மாட்டிட்டா, மாட்டாத என் வீட்டுக்குத்தான தம்பி வருவான்?" அவருக்கு ஓய்வூதியம்தான் வருமானம், சந்தா கட்ட முடியாது. பொருளாதார நூல்கள் பக்கம் பக்கமாக அலசும் விஷயம் இது.

போர்டு செய்யும் வேலையைப் பாருங்கள். அது திருடனிடம் "இங்கே வராதே" என்கிறது. "திருடாதே" என்று சொல்வதில்லை. அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்கிறது. மலைச்சரிவில் வீடு கட்டிய எங்களுக்கு இது நன்றாகவே புரியும்: மழைத்தண்ணீரை என் சுவருக்கு வெளியே திருப்பிவிட்டால் அது கீழ் வீட்டு முற்றத்தில்தான் போய் நிற்கும். கட்டியவனுக்கு லாபம், அக்கம்பக்கத்துக்கு நஷ்டம், மொத்தக் கணக்கில் தெரு எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1990களில் லோஜாக் என்ற கருவியைக் காருக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளித்து வைப்பார்கள். கார் திருடு போனால் அது ரேடியோ சிக்னல் அனுப்பும், போலீஸ் பின்தொடரும். எந்தக் காரில் அது இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாது. கண்ணாடியில் ஸ்டிக்கர்கூடக் கிடையாது. ஐயன் ஏயர்ஸ், ஸ்டீவன் லெவிட் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், கருவி பரவிய நகரங்களில் மொத்தக் கார் திருட்டும் கணிசமாகக் குறைந்ததைக் காட்டினார்கள். இன்னொன்றையும் கணக்கிட்டார்கள்: கருவிக்குப் பணம் கொடுத்தவருக்குக் கிடைத்தது, ஊருக்கு விளைந்த மொத்தப் பயனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி எல்லாம் கருவி வாங்காதவர்களுக்கு. அதனால்தான் அதை வாங்குவோர் தேவையான அளவுக்கு இருக்கவில்லை. நம் ஊரில் இன்ஷூரன்ஸ்காரர்கள் பல கார்களுக்கு டிராக்கர் போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். எரிச்சல்தான், ஆனால் அந்த வற்புறுத்தலால் டிராக்கர் போடாத கார்களுக்கும் கொஞ்சம் பாதுகாப்பு கிடைத்திருக்க வாய்ப்புண்டு என்று இப்போது தோன்றுகிறது.

ஆக, பணம் போடும் முன் கேட்க வேண்டியது: இந்தக் காசு குற்றத்தைக் குறைக்குமா, நகர்த்துமா? போர்டும் வெளியே தெரியும் மின்வேலியும் பெரும்பாலும் நகர்த்தும் ரகம். தெரு முழுவதற்கும் விழும் வெளிச்சம் குறைக்கும் ரகம், குறைந்தபட்சம் தெருவுக்குள்ளே.

விளக்குக்கான ஆதாரம் நான் எதிர்பார்த்ததைவிட வலுவாக இருந்தது. நியூயார்க்கில் 2016இல் அரசுக் குடியிருப்பு வளாகங்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஆறு மாதம் பெரிய விளக்குக் கோபுரங்களை நிறுத்தினார்கள். ஆரன் சால்ஃபினும் அவருடைய குழுவும் ஆராய்ந்தபோது, அந்த வளாகங்களில் இரவில் வெளியே நடக்கும் கடும் குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்திருந்தன. குலுக்கல் என்பதுதான் இங்கே முக்கியம். ஏற்கெனவே அமைதியான இடத்துக்கு விளக்கு வைத்துவிட்டு விளக்கால்தான் அமைதி என்று பெருமைப்பட முடியாது. இன்னொரு ஆய்வு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் வழக்கத்தைப் பயன்படுத்தியது. மாலையில் ஒரு மணி நேரம் கூடுதல் வெளிச்சம் கிடைத்தால் வழிப்பறி ஒட்டுமொத்தமாக 7 சதவீதம் குறைகிறது. அந்த அந்திப் பொழுதில் மட்டும் பார்த்தால் குறைவு இன்னும் மிக அதிகம். சிறைக்கு ஒருவரைக்கூட அனுப்பாமல் வந்த பலன் இது.

காவலாளி விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆய்வு புவெனஸ் அயர்ஸிலிருந்து வருகிறது. 1994 ஜூலையில் அங்கே யூதர்களின் மையம் ஒன்றில் குண்டு வெடித்தது. அதன்பின் யூத, முஸ்லிம் நிறுவனங்கள் ஒவ்வொன்றின் வாசலிலும் 24 மணி நேரமும் போலீஸ் நின்றது. அவர்கள் வந்தது குண்டுக்காக, கார் திருட்டுக்காக அல்ல. ஆனாலும் அந்தந்தத் தெருத் துண்டில் கார் திருட்டு சுமார் 75 சதவீதம் விழுந்தது. ஒரு தெரு தள்ளிப் போனால் பலன் ஏறக்குறையப் பூஜ்யம். எங்கள் கமிட்டிக்கு இது நேரடியாகப் பயன்பட்டது. காவலாளியைக் கோயில் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். உட்கார்ந்தால் கோயிலுக்கு மட்டும்தான் காவல், நடந்தால்தான் தெருவுக்கு என்று இந்த ஆய்வைக் காட்டித்தான் வாதிட்டேன்.

காலி மனையில் மண்டிக் கிடந்த புதரையும் வெட்டினோம். பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை வைத்து ஒரு சோதனை நடந்திருக்கிறது, 2018இல் வெளியானது. குப்பை அகற்றிப் புல் வளர்த்த இடங்களைச் சுற்றி, ஏழைப் பகுதிகளில், துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. நாங்கள் செய்ததிலேயே மிகவும் மலிவான வேலை இதுதான். அதற்குத்தான் கூட்டத்தில் ஒருவரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

இனி பராமரிப்பு. ஆர்ம்ட் ரெஸ்பான்ஸின் பெரிய வசதி, அது டெபிட் ஆர்டரில் ஓடும், அதாவது பணம் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். யாரும் யாரிடமும் கை நீட்ட வேண்டாம். பொதுவில் போடும் பணம் அப்படி இல்லை. விளக்கு எரிந்தால் கட்டாதவன் வாசலிலும் வெளிச்சம் விழும், அதனால் கட்டாமலிருக்கத் தூண்டுதல் எல்லோருக்கும் உண்டு. லோஜாக் ஆய்வு சொன்ன அதே சிக்கல் எங்கள் தெருவுக்கும் வந்தது. நாங்கள் கண்ட வழி: விளக்குகளை மாநகராட்சிக் கம்பங்களில் தொங்கவிடாமல், வீட்டு வெளிச்சுவரில், தெருவைப் பார்த்துப் பொருத்தினோம். மின்சாரம் அந்தந்த வீட்டு ப்ரீபெய்டு மீட்டரிலிருந்து. எல்ஈடி என்பதால் செலவு சில்லறைதான். பேட்டரி உள்ள விளக்காகத் தேர்ந்தோம், 2023இன் மின்வெட்டை யாரும் மறந்துவிடவில்லை. பேட்டரி சுவருக்கு உட்பக்கம் இருப்பது நல்லது. வெளியே இருந்தால் விளக்கைக் காக்க இன்னொரு விளக்கு வேண்டியிருக்கும்.

காவலாளி சம்பளம்தான் உண்மையான பாரம். தனியார் பாதுகாப்புத் துறையின் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று பதிவில்லாத ஆளை வைப்பது சட்டப்படியும் தவறு, அவருக்கும் அநியாயம். சில வீடுகள் கட்டாமல்தான் இருக்கின்றன. மேட்டு வீட்டு ஆன்ட்டியிடம் நாங்கள் கேட்பதே இல்லை. ஆனால் இரண்டு கார் வைத்திருக்கும் அங்கிள் ஒருவரும் கட்டுவதில்லை, அவரைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் பேச்சை இங்கே எழுத முடியாது.

பணத்தைப் பொதுவில் போட்டுத் தனியார் காவல் வைப்பது வேலை செய்யும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸில் சான்று உண்டு. அங்கே வணிகப் பகுதிகள் கூட்டு வரி போட்டுக் காவலும் துப்புரவும் ஏற்பாடு செய்தபோது குற்றமும் குறைந்தது, கைதுகளும் குறைந்தன, பக்கத்துப் பகுதிகளுக்கும் குற்றம் நகரவில்லை என்று குக், மெக்டொனால்டு ஆய்வு காட்டியது. டர்பனிலேயே உம்லாங்காவில் இப்படிக் கூட்டாகப் பணம் போட்டு நடத்தும் ஏற்பாடு இருக்கிறது. அது பணக்கார இடம், எங்களுடையது அப்படியல்ல என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

என் பக்கத்துக்கு எதிரான ஆதாரமும் இருக்கிறது. நெதர்லாந்தில் 1999 முதல் புது வீடுகளுக்குத் திருடர் எளிதில் உடைக்க முடியாத கதவும் ஜன்னலும் கட்டாயமாயின. புது வீடுகளில் திருட்டு சுமார் 26 சதவீதம் குறைந்தது, பக்கத்துப் பழைய வீடுகளில் அது கூடவில்லை. அதாவது வீட்டைப் பலப்படுத்தினாலே குற்றம் அடுத்த வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. மறுபக்கம், பொகோட்டாவில் 2016இல் தெருத்துண்டுகளைத் தேர்ந்தெடுத்துப் போலீஸ் ரோந்தைக் கூட்டியும் விளக்கைப் பழுதுபார்த்தும் குப்பை அகற்றியும் சோதித்தபோது, சொத்துக் குற்றங்கள் ஓரளவு பக்கத்துத் தெருக்களுக்கு நகர்ந்ததாகத் தெரிந்தது. எங்கள் விளக்கு கீழ்த்தெருவுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வியிலிருந்து நானும் தப்ப முடியாது. கீழ்த்தெரு கமிட்டியைச் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

இன்னொன்று: இவற்றில் ஒன்றுகூடத் தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனை அல்ல. நியூயார்க் திருடன் இருட்டை நம்பி வருபவன். இங்கே நான்கு பேர் துப்பாக்கியோடு வீட்டுக்குள் நுழையும் கொள்ளைக்கு வெளிச்சம் எவ்வளவு தடை என்பது எனக்குச் சந்தேகம்தான். எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் பகலில் நடக்கும் திருட்டுக்கு விளக்கு ஒன்றுமே செய்யாது. எங்கள் தெருவில் இரவுச் சம்பவங்கள் குறைந்திருப்பதுபோல்தான் தெரிகிறது, ஆனால் ஒரே ஒரு தெருவை வைத்து நான் அதற்கு மேல் பேசத் துணிய மாட்டேன்.

வயதானவர் தனியாக இருக்கும் வீடென்றால் பேனிக் பட்டனை வைத்துக்கொள்ளுங்கள், தெரு ஏற்பாட்டில் சேர்ந்த பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் பத்துப் பதினைந்து வீடுகளுக்குக் குறைவாகத்தான் சேரும் என்றால் காவலாளி கணக்கு கட்டுப்படியாகாது. அப்போது காவலாளியை விட்டுவிட்டு விளக்கை மட்டும் வையுங்கள், புதரை வெட்டுங்கள், மிஞ்சிய பணத்தில் கதவுக்கு நல்ல பூட்டு வாங்குங்கள். காலி மனை மாநகராட்சியுடையது என்றால் வெட்டுவதற்கு முன் வார்டு கவுன்சிலரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுவது நல்லது.