பி.எட். சேரப் போறீங்களா? ஒரிஜினல் சர்டிபிகேட்டை நீட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

அட்மிஷன் சீசன் வந்தாலே டவுன் பஸ் முதுகு, டீக்கடை சுவரு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்னு எங்க பாத்தாலும் "பி.எட். சேர்க்கை நடைபெறுகிறது" தான். எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம்.னு முடிச்சிட்டு ஹைஸ்கூல், ஹையர் செகண்டரி டீச்சர் ஆகணும்னு நினைக்கிறவங்களுக்காகத் தான் இதை எழுதுறேன். நான் படிச்ச காலேஜ் பேரை போடல. போட்டா கேஸு கீஸுன்னு இழுப்பாங்க, அதை விட முக்கியமா பேரைப் பாத்துட்டு "அப்பாடா நம்ம பாத்து வச்சிருக்கிற காலேஜ் இல்ல"ன்னு நீங்க நிம்மதியா போயி வேற ஒரு காலேஜ்ல இதே மாதிரி மாட்டுவீங்க.

நான் எம்.காம்., கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ். தமிழ்நாட்டுல காமர்ஸ், எகனாமிக்ஸ் ஆளுங்களுக்கு வெறும் டிகிரிய வச்சு பி.எட். சீட் கிடையாது, பி.ஜி. 50 சதவீதத்தோட முடிச்சிருக்கணும். அப்படி முடிச்சாலும் கவர்மெண்ட் பி.எட். காலேஜ் மொத்தமே 7 தான், சைதாப்பேட்டை, வேலூர், குமாரபாளையம், ஒரத்தநாடு, புதுக்கோட்டைன்னு. கவர்மெண்ட் உதவி வாங்குற எய்டட் காலேஜ் 14. அதுலயும் காமர்ஸுக்கு ஒதுக்குற சீட்டை விரல் விட்டு எண்ணிடலாம். கவுன்சிலிங்ல எனக்குக் கிடைக்கல. அடுத்த நாளே போன் வருது, நம்பர் எப்படி போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. "தங்கச்சி, கன்சல்டன்சில இருந்து பேசறேன், சீட்டு இருக்கும்மா, ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்"னு.

அந்த ஆளு சொன்னதுல பாதி பொய். பி.எட். முடிச்சா ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து பிளஸ் டூ வரைக்கும் எங்க வேணா டீச்சரா போகலாம்னான். 2023 ஆகஸ்ட்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, பிரைமரி கிளாஸுக்கு பி.எட். தகுதி ஆகாது, டி.எல்.எட்.ங்கிற டீச்சர் டிரெய்னிங் டிப்ளமோ தான்னு. அந்த தீர்ப்பு வந்த பிறகும் இவங்க நோட்டீஸ்ல அதே வரி தான் அச்சாகி வருது. காமர்ஸுக்கு இன்னும் மோசம், 6ல இருந்து 10 வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல காமர்ஸ்னு ஒரு பாடமே கிடையாது, அப்புறம் எங்கருந்து பி.டி.ங்கிற பட்டதாரி ஆசிரியர் போஸ்ட் வரும்? நமக்கு இருக்கறது பிளஸ் 1, பிளஸ் 2க்கான பி.ஜி. அசிஸ்டெண்ட், அதாவது முதுகலை ஆசிரியர் போஸ்ட் மட்டும் தான், அதுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) வைக்கிற பரீட்சை எழுதணும், 150 மார்க்ல 110 நம்ம பாடம், 30 கல்வி முறை, 10 பொது அறிவு, அது போக தமிழ் தகுதித் தேர்வு வேற. எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க முன்னாடியே சொல்லியிருந்ததால எனக்கு இது தெரியும். என்கூட சேர்ந்த எகனாமிக்ஸ் பொண்ணுக்கு செகண்ட் இயர் வரைக்கும் தெரியாது, அவ தாலி செயின அடகு வச்சு சேர்ந்தவ.

சரி, காலேஜுக்கு வர்றேன். தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் (என்.சி.டி.இ.) அங்கீகாரம் இருக்கு, டீச்சர்ஸ் எஜுகேஷன் யுனிவர்சிட்டி அஃபிலியேஷன் இருக்கு, எல்லாம் ஆன்லைன்ல பாத்துட்டு தான் போனோம். போலி காலேஜ் கிடையாது, அது தான் விஷயமே. பேப்பர்ல எல்லாம் பக்கா. வருஷத்துக்கு 45 ஆயிரம், ரெண்டு வருஷம், வேற எதுவும் கிடையாதுன்னு காலேஜ் தாளாளர், அதான் கரெஸ்பாண்டென்டே எங்க அப்பா முன்னாடி சொன்னாரு. அட்மிஷன் அன்னைக்கு பத்தாவது, பன்னெண்டாவது, பி.காம்., எம்.காம். மார்க் ஷீட், டி.சி., கம்யூனிட்டி எல்லாம் ஒரிஜினல் வாங்கிக்கிட்டாங்க. யுனிவர்சிட்டி வெரிபிகேஷனுக்கு அனுப்பணும், ஒரு மாசத்துல திருப்பித் தருவோம்னாங்க. வாங்கினதுக்கு ஒரு துண்டு சீட்டு கூட தரமாட்டோம்னாங்க, எங்க அப்பா விடல, ஆபீஸ் அண்ணன் முறைச்சிக்கிட்டே லெட்டர் பேடுல எழுதி சீல் போட்டு குடுத்தாரு. அந்த ஒரு பேப்பர் தான் பின்னாடி என்னைக் காப்பாத்துச்சு.

கிளாஸ் எப்படின்னு கேக்குறீங்களா. போர்டுல பேர் போட்டிருந்த பேராசிரியர்கள்ல பாதி பேரை இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு ஒரு நாள் தான் பாத்தோம், கோட்டு போட்டுக்கிட்டு வந்தாங்க, சாயங்காலம் போயிட்டாங்க. காமர்ஸ் பாடம் எப்படி நடத்தணும்னு சொல்லித் தர ஆளே கிடையாது, எகனாமிக்ஸ் கூட சேத்து உக்கார வச்சு ஹிஸ்டரி மேடம் கைடு புக்கை வாசிச்சுட்டு போவாங்க, அவங்களையும் குறை சொல்ல மாட்டேன், அவங்களுக்கே மூணு மாச சம்பளம் பாக்கி. மைக்ரோ டீச்சிங்னு ஒண்ணு உண்டு, அஞ்சு பத்து நிமிஷம் ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கிட்டு சக மாணவங்க முன்னாடி நடத்தணும், அவங்க பார்த்து தப்பை சொல்லணும், திரும்ப நடத்தணும். கேள்வி கேக்குறது, உதாரணம் சொல்றது, கரும்பலகைய பயன்படுத்துறதுன்னு ஒவ்வொண்ணா. டீச்சர் ஆகப்போறவங்களுக்கு இதை விட உருப்படியான பயிற்சி கிடையாதுன்னு நான் நினைக்கிறேன். எங்க காலேஜ்ல அது ரெக்கார்டு நோட்ல மட்டும் நடந்துச்சு.

கிளாஸ்ல நாங்க இருந்தது இருபது பேர் சுமார், ரோல்ல நூறு பேர். மத்தவங்க எல்லாம் "ரெகுலர், ஆனா வர வேணாம்" பேக்கேஜ். கூடுதலா காசு கட்டிட்டு வேற வேலைக்குப் போறவங்க, பக்கத்து ஸ்டேட்காரங்க. என்.சி.டி.இ. விதி என்னன்னா தியரிக்கு 80 சதவீதம், ஸ்கூல் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை இருக்கணும். தலையே காட்டாத அவங்களுக்கு ஃபுல் அட்டெண்டன்ஸ். காய்ச்சல்ல ரெண்டு வாரம் படுத்த எனக்கு "உனக்கு குறையுதும்மா, கண்டொனேஷன் கட்டு"ன்னு, அதாவது குறைஞ்ச வருகைய மன்னிக்கிறதுக்கு, 4 ஆயிரம். ரசீது கேட்டா "ரசீது வேணும்னா அட்டெண்டன்ஸ் வராது பாத்துக்கோ"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு அந்த ஆபீஸ் அண்ணன். நான்-அட்டெண்டன்ஸ்ல சேரலாம்னு நினைக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை, வேலை கிடைச்ச பிறகு உண்மைத்தன்மை சான்று கேப்பாங்க, பி.எட். படிச்ச அதே மாசத்துல நீங்க வேற கம்பெனில பி.எஃப். கட்டியிருந்தா என்ன பதில் சொல்லுவீங்கன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கங்க.

இவங்க காசு கேக்குற நேரத்தை கவனிச்சீங்கன்னா தான் புரியும். சாதாரண நாள்ல கேக்கவே மாட்டாங்க. நம்மால முடியாதுன்னு சொல்லவே வழியில்லாத நாளா பாத்து கேப்பாங்க. ஸ்கூல் பயிற்சிக்குப் போக மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) ஆபீஸ் பர்மிஷன் ஆர்டர் வேணும்ல, அது வந்து காலேஜ்ல உக்காந்திருக்கும், "பர்மிஷன் செலவு" 5 ஆயிரம் வச்சா தான் ஆர்டர் கைக்கு வரும். சி.இ.ஓ. ஆபீஸ்ல அதுக்கு ஃபீஸே கிடையாதுன்னு பின்னாடி நேர்லயே விசாரிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். ரெக்கார்டு நோட்டு அவங்க கிட்ட தான் வாங்கணும், வெளில ஆயிரத்து சொச்சத்துக்கு கிடைக்கிறது அங்க 6 ஆயிரம். அப்புறம் பிராக்டிகலுக்கு மார்க் போட வெளில இருந்து ஒரு குழு வரும், அதுக்குப் பேரு கமிஷன், "வர்றவங்களை கவனிக்கணும்ல"ன்னு ஆளுக்கு 3 ஆயிரம், தரலைன்னா இன்டர்னல் மார்க் இருக்கு அவங்க கையில. ஹால் டிக்கெட் அன்னைக்கு இன்னொண்ணு, பேரு மறந்து போச்சு, ஏதோ டெவலப்மெண்ட். இதுல எதுக்கும் ரசீது கிடையாது, ஜிபே கூட வேணாம், ரொக்கம் தான்.

ஒரு நல்லது நடந்துச்சு, அதையும் சொல்லணும். ரெண்டாவது வருஷம் 16 வாரம் ஸ்கூல்ல இருக்கணும், எனக்கு கவர்மெண்ட் கேர்ள்ஸ் ஹையர் செகண்டரி விழுந்துச்சு. அங்க இருந்த காமர்ஸ் பி.ஜி. டீச்சரம்மா, ரிட்டயர் ஆக கொஞ்ச நாள் தான் இருந்துச்சு அவங்களுக்கு, முத நாள் என் லெசன் பிளானை வாங்கிப் பாத்துட்டு மூடி வச்சிட்டாங்க. "இது கமிஷனுக்கும்மா, பிள்ளைங்களுக்கு இல்ல"ன்னாங்க. பிளஸ் 1 பிள்ளைங்களுக்கு பற்று வரவு எதுக்குன்னே புரியாம கணக்கு எழுதுற குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வுன்னு மனப்பாடம் பண்ணிட்டு இருக்கும். அவங்க என்ன பண்ணுவாங்கன்னா, ஒரு பொண்ண கடைக்காரியா உக்கார வச்சு, மகளிர் குழுல கடன் வாங்கி கடை போட்ட கதையா ஒரு வாரம் நடத்துவாங்க, பணம் எங்கருந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு பிள்ளைங்களே சொல்லும், அதுக்கப்புறம் தான் நோட்டை திறக்கச் சொல்லுவாங்க. ரெண்டு வருஷ பி.எட்.ல நான் கத்துக்கிட்டது அந்த ஸ்டாஃப் ரூம்ல தான், அதுக்கு எங்க காலேஜ் பத்து பைசா செலவு பண்ணல.

முடிச்சு ரிசல்ட் வந்தாச்சு, ஒரிஜினல் கேட்டா "பாக்கி 18 ஆயிரம் இருக்கு". என்ன பாக்கி? லேப், லைப்ரரி, ஆண்டு விழா. லேபுக்கு பூட்டு தான் பாத்திருக்கேன். அப்பா போனாரு, நான் போனேன், கரெஸ்பாண்டென்ட் வெளியூர், அக்கவுண்டன்ட் லீவு, இப்படியே இழுத்துட்டே போனாங்க. 2025 ஜூலைல பி.ஜி. அசிஸ்டெண்ட் நோட்டிபிகேஷன் வந்துருச்சு, ஆகஸ்ட்ல அப்ளிகேஷன் முடியுது, சர்டிபிகேட் அப்லோட் பண்ணணும், எல்லாம் அவங்க பீரோவுல. அவங்களுக்கும் அந்தத் தேதி தெரியும். ஜூலைல 18 ஆயிரம் 25 ஆயிரமா ஆயிடுச்சு.

எப்படி வாங்கினேன்னா, வக்கீலுக்கு குடுக்க காசு இல்ல, ஜில்லா கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், எல்லா ஜில்லாவுலயும் இருக்கு. பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்துலயே அது இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. வெள்ளைப் பேப்பர்ல மனு எழுதி, அந்த லெட்டர் பேடு காப்பிய இணைச்சு குடுத்தேன். அங்க இருந்த வக்கீல் மேடம் தான் சொன்னாங்க, 2018லயே பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவிப்பு இருக்கு, எந்த காலேஜும் ஒரிஜினலை வச்சுக்கக் கூடாது, பாத்துட்டு அப்பவே திருப்பிக் குடுத்துடணும்னு. ஃபீஸ் பாக்கின்னு சொல்லி சர்டிபிகேட்ட பிடிச்சு வைக்க முடியாது, அது அடகுப் பொருள் இல்லன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டும் சொல்லியிருக்காம். பாக்கி நிஜமாவே இருந்தா அவங்க தனியா கேஸ் போட்டு வாங்கிக்கட்டும். ஆணைக்குழுல இருந்து காலேஜுக்கு நோட்டீஸ் போச்சு, காப்பி யுனிவர்சிட்டி ரெஜிஸ்ட்ராருக்கு. அதுவரைக்கும் வெளியூர்லயே இருந்த கரெஸ்பாண்டென்ட் மூணாம் நாள் போன் போட்டு "ஏம்மா, வீட்டுப் பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டோமே, இதுக்கு போயி கோர்ட்டா"ன்னாரு. பதினெட்டும் கட்டல, இருபத்தஞ்சும் கட்டல, சர்டிபிகேட் கவர் கைக்கு வந்துச்சு. ஏற்கனவே ரொக்கமா வாங்கினதை மட்டும் திருப்பி வாங்க முடியல, ரசீது இல்லாத காசுக்கு மனு எழுதவே வழி இல்ல.

அதே 2018 அறிவிப்புல ஃபீஸ் ரீஃபண்டும் இருக்கு. சேர்க்கைக்கான கடைசி தேதிக்கு 15 நாளைக்கு முன்னாடியே வேணாம்னு எழுதிக் குடுத்தா முழுசா திருப்பணும், கொஞ்சூண்டு பிராசசிங் சார்ஜ் மட்டும் பிடிக்கலாம். கடைசி தேதி தாண்டி 15 நாளுக்குள்ளன்னா 80 சதவீதம், 30 நாளுக்குள்ளன்னா பாதி. அதுக்கு மேல போனா ஒண்ணும் கிடையாது. எங்க பேட்ச்ல ஒரு பையன் ரெண்டே வாரத்துல வேற காலேஜ்ல சீட் கிடைச்சு போயிட்டான், பத்து பைசா குடுக்கல இவங்க, அவனும் கேக்கல.

இப்போ புதுசா ஒண்ணு கிளம்பியிருக்கு, அதுக்காகவே அவசரமா இதை எழுதுறேன். பி.ஜி. முடிச்சவங்களுக்கு ஒரே வருஷ பி.எட்.னு என்.சி.டி.இ. 2025 பிப்ரவரில வரைவு விதிகள் வெளியிட்டாங்க. உடனே அந்த வரைவ பிரிண்ட் எடுத்துக் காட்டி அட்வான்ஸ் வாங்குறாங்க. என் சித்தி பொண்ணு எம்.எஸ்சி. மேத்ஸ், அவளுக்கு வந்த போன்ல "இப்பவே 20 ஆயிரம் கட்டி சீட்ட பிளாக் பண்ணிக்கோ"ன்னானாம். வரைவுங்கிறது சீட்டு இல்ல. அந்த ஒரு வருஷ கோர்ஸுக்குன்னே அந்த காலேஜுக்கு என்.சி.டி.இ. அனுமதி ஆர்டர் இருக்கான்னு கேளுங்க, ஆர்டர் காப்பி காட்டட்டும், எத்தன சீட்டுன்னு அதுலயே போட்டிருக்கும், யூனிட்னு சொல்ற ஒரு பிரிவுக்கு 50 பேர். "கரஸ்ல பி.எட்."னு, அதாவது அஞ்சல் வழில படிக்கலாம்னு சொல்றவன்கிட்டயும் ஏமாறாதீங்க, ஏற்கனவே டீச்சர் டிரெய்னிங் முடிச்சவங்களுக்கானது அது, ஃப்ரெஷ்ஷா எம்.எஸ்சி. முடிச்ச பிள்ளைக்கு இல்ல.

சித்தி பொண்ணுகிட்ட நான் சொன்னது இவ்வளவு தான்: காலேஜுக்குப் போற அன்னைக்கு ஒரிஜினலை காட்டு, ஜெராக்ஸை குடு, ஒரிஜினலை பையில போட்டு எடுத்துட்டு வா. அதோட அங்க நிஜமாவே வகுப்புக்கு வர்ற செகண்ட் இயர் பிள்ளைங்க ரெண்டு பேரை கேட் வெளில பிடிச்சு, ஸ்கூல் பயிற்சி ஆர்டர் வாங்க எவ்வளவு குடுத்தீங்க, கமிஷனுக்கு எவ்வளவு குடுத்தீங்கன்னு கேளு. போன வாரம் ஒரு காலேஜுக்கு போயிருக்கா, ஒரிஜினல் இல்லாம அட்மிஷனே போட முடியாதுன்னாங்களாம், யு.ஜி.சி. அறிவிப்பு பிரிண்ட் அவுட்டை எடுத்து வச்சதும் "சரி ஜெராக்ஸே போதும்மா"ன்னு சொல்லியிருக்காங்க, இவ அங்க சேரல, வேற காலேஜ் பாத்துட்டு இருக்கா.