இ-பிரிசன்ஸ்: நல்ல கருவி, பெயரில்தான் தடுக்கி விழுகிறது

பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையின் விசாரணைக் கைதிகளுக்கான சட்ட உதவி வேலையில் இ-பிரிசன்ஸ் என்ற சிறை நிர்வாக மென்பொருளின் பதிவு பெரும் துணை. அடைத்த தேதியும் சட்டப்பிரிவும் சரியாக ஏறியிருந்தால் போதும். பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவின்படி அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதி, முன்பு தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு சிறையில் கழிந்து ஜாமீனுக்குத் தகுதி பெறும் நாளைக் கணக்கிட்டுவிடலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது.

சிக்கல் பெயரில். நம் ஊர் 'மு. எழிலரசன்' ஒரு பதிவில் அப்படியே இருப்பார், இன்னொன்றில் 'எலிலரசன் எம்' ஆகிவிடுவார். இரண்டும் சேராது, வாய்தா தவறும். பெயரை விட்டு, நீதிமன்றப் பதிவில் ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும், 16 இடங்கள் கொண்ட சிஎன்ஆர் எண்ணால் ஒப்பிடுங்கள். இரண்டு வழக்கு என்றால் இரண்டு எண். ஒருவர்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் 479-உம் கைகொடுக்காது.

ஜாமீன் தேதியையும் பதிந்தாக வேண்டும். 7 நாளில் விடுதலையாகாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2023 உத்தரவு. தேதி ஏறாவிட்டால் அந்த 7 நாள் எண்ணப்படுவதே இல்லை.