இரத்மலானையில இருந்து பலாலிக்கு பிளேன்ல எவ்வளவு நேரம்? நான் மணிக்கூடு பாத்த கதை

நான் கொழும்பு வெள்ளவத்தை, அம்மா தனிய யாழ்ப்பாணம் உரும்பிராயில. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எண்டாலும் போய்ப் பாக்கத்தான் வேணும், அதால நைட் பஸ், யாழ்தேவி ரயில், பிளேன் எண்டு மூண்டிலயும் மாறி மாறித் திரிஞ்ச ஆள். கொழும்புப் பக்கத்து இரத்மலானை எயார்போட்டில இருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போட்டுக்கு பிளேன்ல எவ்வளவு நேரம் எண்டு கனபேர் கேக்கினம், அதான் எழுதுறன்.

மெப்பில நேர்கோடு கீறினா 330 கிலோமீட்டர் அளவு, ரோட்டால எண்டா 400 கிட்ட. நான் போறது பத்துப் பன்னிரண்டு பேர் ஏறுற செஸ்னா கரவான், ஒற்றை எஞ்சின், மணிக்கு 300 சொச்சம்தான் ஓடும். டிக்கெட்டில ஒரு மணித்தியாலம் எண்டு கிடக்கும், ஆனா நான் பாத்த அளவில சில நாள் 55 நிமிசம், சில நாள் 1 மணி 15. முதல்ல பைலட்டைத்தான் திட்டினனான், பேந்துதான் விளங்கிச்சு எல்லாம் காத்து செய்யிற வேலை எண்டு. ஜூன் ஜூலையில தென்மேல் காத்து பின்னால நிண்டு தள்ளும், போறது கெதி, திரும்பி வரேக்க அதே காத்து மூஞ்சிக்கு நேர. மார்கழி தையில தலைகீழ். சின்ன பிளேன், மெதுவா ஓடுறது, அதால காத்துக்குச் சரியா ஆடும், அந்தரப்படுற ஆக்கள் வெறுவயித்தோட ஏறாதேங்கோ, உள்ள டொய்லெட்டும் இல்லை.

தூரத்தை வச்சு நேரத்தைக் கணக்குப் போடாதேங்கோ. கட்டுநாயக்கவில இருந்து சென்னை 645 கிலோமீட்டர் அளவு, ஜெட்ல ஒண்டே கால் மணித்தியாலம் சொச்சம். பலாலியில இருந்து சென்னை 355 தான், ஆனா ஏடிஆர் எண்ட, ஜெட்டை விட மெதுவா ஓடுற காத்தாடி பிளேன்ல போகேக்க அதுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். தூரம் பாதி, நேரம் அதே.

உண்மையான லாபம் இரத்மலானைதான். வீட்டில இருந்து காலி வீதியால ஏழெட்டுக் கிலோமீட்டர், விடியப்புறம் ஓட்டோவில இருபது நிமிசம். அங்க லகேஜை மட்டுமில்லை, உங்களையும் தராசில ஏத்துவினம், வெக்கப்பட ஒண்டுமில்லை, எல்லாரையும்தான். பேந்து புத்தளம் களப்பு, வில்பத்துக் காடு, கடைசியா யாழ்ப்பாணக் களப்பு, ஜன்னல் சீட் கிடைச்சா போதும் போன் எடுக்கவே மனம் வராது. வீட்டுப் படலையில இருந்து அம்மான்ர படலை வரைக்கும் மூண்டரை மணித்தியாலம். ரயில்ல ஏழுக்குக் குறையாது, பஸ் எட்டு. ஒருக்கா மழைக்கு பிளேன் கான்சல், அண்டைக்கு இரவு பஸ்சிலதான் போனனான், அதையும் கணக்கில வையுங்கோ.

அம்மா மட்டும் இதில ஏறவே மாட்டா. 1998 செப்டெம்பர் 29, பலாலியில இருந்து இதே இரத்மலானைக்கு வெளிக்கிட்ட லயன் எயார் பிளேன் 55 பேரோட இரணைதீவுப் பக்கம் கடலுக்க போனது அவவுக்கு நேத்து மாதிரி. நான் வற்புறுத்துறேல்லை.

ஏறமாட்டா, ஆனா ஒடியல் மா, மிளகாய்த்தூள், முருங்கைக்காய் எண்டு கட்டி மட்டும் விடுவா. போன முறை பலாலித் தராசில நாலு கிலோ கூட, முருங்கைக்காய்க் கட்டை, என்னைக் கொண்டுவந்து விட்ட ஓட்டோ அண்ணைக்கே குடுத்திட்டு ஏறினனான், அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை.