ரெண்டு பின் வாக்கி-டாக்கிக்கு வேற ஹெட்செட்: மழை, உப்புக்காத்து எல்லாம் பார்த்த பிறகு

மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. கன்டெய்னரைத் தூக்கி அடுக்குகிற ரீச் ஸ்டாக்கர் வண்டி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. காதை முழுக்க மூடுகிற ஹெட்செட் இல்லாமல் சிக்னல் ஆளுக்கு வேலை ஓடாது. கையில் இருப்பது கென்வுட் வகை ரெண்டு பின் வாக்கி. பாஃபெங் யூவி-5ஆர் என்கிற வாக்கியிலும் இதே சாக்கெட்தான். நல்ல ஹெட்செட்டெல்லாம் பழைய செட்டோடு வந்தவை, வேற பின். தூக்கிப் போட மனசு வராமல் பின்னை வெட்டி, புது பின் பத்தவைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

ரெண்டு பின்னில் ஒன்று 2.5 மி.மீ., இன்னொன்று 3.5 மி.மீ. பின்னில் முனை நுனி, பிடிக்குப் பக்கத்தில் இருப்பது அடி, இடையில் நடு வளையம். வயரிங் இப்படி: ஸ்பீக்கர் 2.5 மி.மீ. பின்னின் நுனிக்கும் அடிக்கும். மைக் 3.5-இன் நடு வளையத்துக்கும் அடிக்கும். 3.5-இன் அடியும் 2.5-இன் அடியும் ஒன்று சேர்ந்தால் டிரான்ஸ்மிட். பேசும்போது அழுத்துகிற பிடிடி பட்டன் செய்வது அது மட்டும்தான்.

இதனால்தான் ஃபோன் ஹெட்செட்டை அப்படியே மாட்ட முடியாது. அதில் காதுக்கும் மைக்குக்கும் ஒரே கிரவுண்ட், அதாவது ரெண்டுக்கும் பொதுவான ஒரு கம்பி. அதை ரெண்டு அடியிலும் சேர்த்தால், சொருகின உடனே சிவப்பு லைட் எரியும், சேனல் மொத்தமும் அடைபடும், எல்லாரும் உங்களைத் திட்டுவார்கள். மைக்குக்குத் தனியாக ரெண்டு கம்பி வருகிற ஹெட்செட்டாகப் பாருங்கள்.

மைக் எந்த வகை என்பதும் முக்கியம். வாக்கி கொடுக்கிற சின்ன வோல்டேஜில் ஓடுவது எலக்ட்ரெட் வகை மைக். காயிலும் காந்தமும் வைத்த டைனமிக் மைக்கை நேராகப் போட்டால் குரல் கிணத்துக்குள்ளிருந்து வரும். நடுவில் சிக்னலைப் பெரிதாக்குகிற ப்ரீஆம்ப் வேண்டும். மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள்: ப்ரோபை மாற்றி வைத்ததும் அளவு மாறினால் பெரும்பாலும் எலக்ட்ரெட்.

ஆரம்பத்தில் ஒரு தொல்லை. நாங்கள் பேசினால் எதிர்முனையில், "அண்ணே, ஒரே கொர்ருன்னுது, இன்னொரு வாட்டி சொல்லு." ஆன்டெனா பக்கத்தில் கேபிள் போவதால் டிரான்ஸ்மிட் சிக்னலே மைக்கில் ஏறுகிறது. மைக் முனைகளுக்குக் குறுக்கே ஒரு 100 பிகோஃபாரட் செராமிக் கெபாசிட்டர், கேபிளில் ரேடியோ சிக்னலை அடக்குகிற ஒரு ஃபெரைட் மணி. சத்தம் போச்சு.

சில ஹெட்செட்டின் கம்பி தலைமுடி மாதிரி இருக்கும், மேலே வார்னிஷ், நடுவில் நூல். ஈயம் ஒட்டவே ஒட்டாது. சால்டரிங் அயர்ன் நுனியில் ஈயத்துளி எடுத்து அதற்குள் கம்பியை வைத்து, புகை வந்து வார்னிஷ் எரிந்து கம்பி வெள்ளையாகும் வரை விட வேண்டும். நூலைக் கம்பியோடு சேர்த்து முடிச்சுப் போட்டால் இழுப்பு பத்தவைத்த இடத்துக்கு வராது.

இவ்வளவு நாள் ஓடினதில் ஈயம் விட்டதாக ஒரு செட்கூட திரும்பி வரவில்லை. வந்ததெல்லாம் சாக்கெட் லூஸ். பின் பிடிப்பது வெறும் இறுக்கத்தில். ஏணி ஏறும்போது கேபிள் மாட்டினால் பாதி வெளியே வந்து, பேசுவதோ கேட்பதோ ஏதாவது ஒன்று மட்டும் ஓடும். கேபிளில் ஒரு கிளிப் போட்டு பெல்ட்டில் மாட்டின பிறகு அது குறைந்தது.

அடுத்தது எண்ணூர் பக்கத்து உப்புக்காத்து. பித்தளைப் பின்னில் பச்சை பூத்துவிடும், கரகரப்பு ஆரம்பிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் சரியாகிவிடுகிறது. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தனியாக விற்கிற வார்ப்புப் பின்களில் தங்க முலாம் என்று சொல்லித் தருவதும் ஒரே மழையில் கறுக்கிறது. நாங்கள் இப்போது பழுதான இயர்பீஸின் கேபிளையே பின்னோடு வெட்டி வைத்துக்கொள்கிறோம். அது இன்னும் தாங்குகிறது.