புளூடூத், ஏர்பிளே, கூகுள் காஸ்ட்: எதன் எச்சரிக்கையை எவ்வளவு நம்பலாம்?

ஒயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கும்போது ஒலித் தரத்தையும் விலையையும்தான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். பாட்டு ஓடும்போது திரையில் வரும் எச்சரிக்கை பொய்யாக இருந்தால் அதை நாமே சரிசெய்ய முடியுமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போனிலிருந்து நேரடியாகப் பாட்டை அனுப்பும் புளூடூத், வைஃபை வழியாக இயங்கும் ஆப்பிளின் ஏர்பிளே, கூகுளின் காஸ்ட் ஆகிய மூன்று முறைகளும் இந்த விஷயத்தில் வெகுவாக வேறுபடுகின்றன.

பொய் எச்சரிக்கை அடிக்கடி வருவது புளூடூத்தில்தான். "ஒலி அதிகம், செவித்திறன் பாதிக்கப்படலாம்" என்று போன் சொல்லும்; சில நேரம் சத்தத்தையே குறைத்துவிடும். ஸ்பீக்கரோ கூடத்தின் மூலையில் இருக்கும். அதை ஹெட்போன் என்று போன் எடுத்துக்கொள்வதுதான் காரணம். ஐபோன் ஒரு வாரத்தில் நம் காதுக்குப் போகும் ஒலியைக் கணக்கு வைக்கிறது. உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஸ்பீக்கரில் ஓடிய பாட்டும் இந்தக் கணக்கில் ஏறிவிடுகிறது.

ஆனால் தீர்வு நம் கையிலேயே இருக்கிறது. 2021 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 14.4 முதல், செட்டிங்ஸில் புளூடூத் பகுதிக்குப் போய், ஸ்பீக்கர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஐ குறியைத் தொட்டால் 'டிவைஸ் டைப்' வரும். அதில் 'ஸ்பீக்கர்' என்று மாற்றினால் போதும். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் இதே வசதி உண்டு. இல்லாத போனில், எச்சரிக்கை வரும்போது 'சரி' கொடுத்துத் தொடர வேண்டியதுதான். தொல்லை என்று ஹெட்போன் எச்சரிக்கையை மொத்தமாக அணைத்துவிடாதீர்கள். உண்மையிலேயே இயர்போன் மாட்டும்போது காதைக் காப்பது அதுதான், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு.

கூகுள் காஸ்டில் இந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலும் ஸ்பீக்கரே இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட். ஆனால் இங்கே பொய் எச்சரிக்கை வந்தால் நாம் செய்யக்கூடியது குறைவு. 2025 மார்ச்சில் நடந்ததே சாட்சி. பழைய ஸ்டீரியோவையும் வைஃபை ஸ்பீக்கராக மாற்றிய குரோம்காஸ்ட் ஆடியோ 2015இல் வந்தது, 2019இல் நிறுத்தப்பட்டது. அதுவும், டிவியில் செருகும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்டும் திடீரென 'நம்பகமற்ற சாதனம்' என்று காட்டின. மென்பொருள் பழசாக இருக்கலாம் என்றும் அந்தச் செய்தி சொன்னது. உண்மையில் நடந்தது வேறு: சாதனம் உண்மையானது என்று உறுதிசெய்யும், பத்து ஆண்டுக் கெடு வைத்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுள் கேட்டுக்கொண்டது. அதற்கு முன்பே செய்தவர்களுக்குச் சாதனத்தை மறுபடி இணைக்கவே முடியவில்லை. கூகுள் ஹோம் செயலிக்கு அப்டேட் வரும்வரை காத்திருந்தார்கள். மற்றவர்களுக்குச் சில நாட்களில் தானாகவே சரியானது.

ஏர்பிளேயைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் உண்டு. ஆப்பிள் சாதனம் வைத்திருப்பவர்களுக்கே அது பயன்படும். "இணைக்க முடியவில்லை" என்று வந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் வைஃபையைப் பாருங்கள். போன் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கலாம், விபிஎன் ஓடிக்கொண்டிருக்கலாம், ஒரே வைஃபையில் உள்ள சாதனங்கள் ஒன்றோடொன்று பேச விடாத 'ஏபி ஐசொலேஷன்' ரூட்டரில் இயங்கலாம். காஸ்டுக்கும் இதே சோதனைதான். ஐபோனிலிருந்து காஸ்ட் செய்பவர்கள் பாட்டுச் செயலிக்கு 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அனுமதி இல்லையென்றால் ஸ்பீக்கர் பட்டியலிலேயே வராது.

ஒரே ஸ்பீக்கர், ஒரே அறை என்றால் என் தேர்வு புளூடூத். எச்சரிக்கை அதிகம்தான், ஆனால் சரிசெய்ய யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். பல அறைகளில் சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் ஏர்பிளே அல்லது காஸ்ட். அப்போது புளூடூத் அல்லது ஆக்ஸ் (ஒயரில் இணைக்கும்) வசதியும் உள்ள ஸ்பீக்கராகப் பார்த்து வாங்குங்கள். வைஃபை வழியில் எச்சரிக்கை வந்ததும் புளூடூத் அல்லது ஆக்ஸ் வழியில் பாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். ஓடினால் ஸ்பீக்கரில் பழுதில்லை, ரீசெட் பட்டனைத் தொட வேண்டாம்.