கண்ணாடி மாற்றிய பிறகு வந்த விசில்: முப்பந்தல் காற்றில் ஒரு அனுபவம்

காரின் முன் கண்ணாடியை மாற்றி இரண்டு ஆடி கடந்துவிட்டது. மாற்றிய கையோடு எழுதியிருந்தால் இது வெறும் புலம்பலாகப் போயிருக்கும். இப்போது எந்தச் சத்தம் போனது, எது போகவில்லை, ஏன் போகவில்லை என்று நிதானமாகச் சொல்ல முடிகிறது. கண்ணாடி மாற்றிய பிறகு காற்றுச் சத்தம் கேட்டால், அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று உறுதியாகத் தெரியும்வரை கண்ணாடியைத் திரும்ப அறுத்தெடுக்க யாருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள். பாதிக்கு மேல் கோளாறு கண்ணாடியில் இருக்காது, அதைச் சுற்றி இருக்கும் சில்லறைச் சாமான்களில் இருக்கும் என்பது என் கட்சி.

வண்டி 1500 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் செடான். வீடு திருநெல்வேலி, வேலை விஷயமாக நாகர்கோவிலுக்கு அடிக்கடி ஓட வேண்டியிருக்கும். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழி. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் வரிசை கட்டி ஓடுகிற சாலை. அப்படி ஒன்றின் பின்னாலிருந்து தெறித்த கல்தான் ஆரம்பம். சின்னப் பொட்டாக நின்றிருந்தால் ரெசின் ஊற்றி அடைத்திருக்கலாம். வெயிலில் நிறுத்திவிட்டு ஏசி போட்டதும் விரிசல் முழ நீளத்துக்கு, ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக ஓடிவிட்டது. அதற்குப் பிறகு மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இன்சூரன்ஸ் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். பீடிங் (கண்ணாடி விளிம்பை மூடி ஓடும் ரப்பர் பட்டை), கிளிப் மாதிரியான ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்கு, தேய்மானம் பிடிக்காத ஸீரோ டெப் ஆட்-ஆன் இல்லையென்றால் பாதி நம் தலையில். ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1500 சிசி வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. போனஸைக் காப்பாற்றும் ஆட்-ஆன் எடுக்காதவர்களுக்கு, கிளெய்ம் போட்டால் 50 சதவீதம் வரை ஏறியிருக்கும் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, அடுத்த வருடம் பூஜ்யம். எனக்கு 45-இல் நின்றது. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, ஊரிலேயே ஒரு ஆட்டோ கிளாஸ் கடையில் கைக்காசு கொடுத்து மாற்றிக்கொண்டேன். பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரக் குறியான ஐஎஸ் 2553 முத்திரை போட்ட, பெயர் தெரிந்த கம்பெனிக் கண்ணாடிதான். ஆனால் வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருவதில்லை, விலை ஏறக்குறைய பாதி. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ஊருக்குள் ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. நாகர்கோவில் போகும்போதுதான் வள்ளியூர் தாண்டியதும் மெலிதாக ஒரு விசில். பணகுடியில் அது கூடியது. முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே 70-இல் போனாலே ரேடியோவை அமுக்குகிற அளவுக்குக் கூவியது. வேடிக்கை என்னவென்றால், திரும்பி வரும்போது அதே சாலையில் 90-இல் வந்தாலும் மூச்சே இல்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது புரிந்துவிடும். தென்மேற்குப் பருவக் காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று மலைகளுக்கு இடையிலான அந்தச் சந்துக்குள் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. அதனால்தான் அங்கே அத்தனை காற்றாலை. நாகர்கோவில் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில் தள்ளும் காற்று. ஸ்பீடோமீட்டர் சாலை வேகத்தைத்தான் காட்டும். கண்ணாடிக்குத் தெரிவதோ காற்று வந்து மோதும் வேகம். 80-இல் போகும் வண்டிக்கு எதிரே 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் கண்ணாடி 120-ஐச் சந்திக்கிறது. இந்த மாதிரிச் சத்தத்தின் ஆற்றல் வேகத்தின் ஆறாவது அடுக்கை ஒட்டி ஏறும் என்பது காற்றியக்கவியலில் வழக்கமான கணக்கு. வேகம் ஒன்றரை மடங்கானால் சத்தத்தின் ஆற்றல் பதினோரு மடங்கு. காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும்.

இதைக் கடைக்காரருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு சத்தமும் இல்லியே சார்” என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அங்கே 60-க்கு மேல் போக இடமில்லை, காற்றும் இல்லை. சரி, காவல்கிணறு வரை வாருங்கள் என்றால் கடையை விட்டுவிட்டு வர முடியாதாம். அப்புறம் டிரைவர் பக்கக் கதவு ரப்பர் போயிருக்கும் என்றார். சத்தம் என் வலது காதுக்கு மேலே கேட்டதால் அதையும் தள்ளிவிட முடியவில்லை. கதவு இடுக்கில் ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி, மெதுவாக இழுத்துப் பார்த்தேன். கதவைச் சுற்றிலும் ஒவ்வொரு இடமாக. எல்லா இடத்திலும் நோட்டு இறுக்கமாகத்தான் வந்தது. ரப்பரில் பழுதில்லை.

கடைசியாக அவர் சொன்ன வைத்தியம், “சுத்தி சிலிகான் போட்டு அடைச்சிருவோம்” என்பது. இதற்கு மட்டும் யாரும் தலையாட்டாதீர்கள். கண்ணாடியைப் பிடித்து வைத்திருப்பது பாலியூரிதேன் பசை. சிலிகான் பட்ட இடத்தில் பின்னால் அந்தப் பசை ஒழுங்காக ஒட்டாது. புளித்த வாசனை அடிக்கிற ரக சிலிகான் என்றால், பெயிண்ட் கீறியிருக்கும் இடத்தில் தகட்டைத் துருப்பிடிக்கவும் வைக்கும். இன்றைக்குச் சத்தத்தை மறைத்துவிட்டு, அடுத்த முறை கண்ணாடி மாற்றுகிறவருக்குப் பெரிய வேலையாக வைத்துவிட்டுப் போகும். அதோடு அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

பிறகு செய்ததுதான் உருப்படியான வேலை. பெயிண்ட் கடையில் இரண்டு விரல் அகல மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்கிக்கொண்டேன். காவல்கிணறு தாண்டி ஓரமாக நிறுத்தி, கண்ணாடியின் நாலு பக்கமும், கண்ணாடி பாதி, பாடி பாதி என்று விளிம்பை மூடி ஒட்டினேன். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் டேப்பே படபடத்து இன்னொரு சத்தம் கிளப்பும். பார்வையை மறைக்கவும் கூடாது. ஓட்டிப் பார்த்தேன், விசில் சுத்தமாக இல்லை. அப்போதே பாதி விடை கிடைத்துவிட்டது: கோளாறு கண்ணாடியைச் சுற்றித்தான், கதவிலோ சைடு மிர்ரரிலோ இல்லை.

அடுத்து ஒவ்வொரு பக்கமாக உரித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். கீழ்ப்பக்கத்தை, அதாவது வைப்பருக்கு அடியில் இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் பேனல் பக்கத்தை, உரித்ததும் லேசாக ஒரு படபடப்பு வந்தது. விசில் இல்லை. கண்ணாடியின் இரு ஓரமும் கூரையைத் தாங்கும் பில்லர் பக்கங்களையும் உரித்தேன், மாற்றமில்லை. மேல்பக்கத்தை உரித்ததும் ஐயா ஆஜர். திரும்ப மேல் விளிம்பில் வலது மூலையில் மட்டும் ஒரு சாண் டேப் ஒட்டினேன், நின்றுவிட்டது. எடுத்தேன், வந்தது. இதற்கு மேல் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்: டேப்பை அன்றைக்கே உரித்துவிடுங்கள். நம் வெயிலில் ஒரு நாள் காய்ந்தால் பசை பெயிண்டோடு ஒட்டிக்கொண்டு வராது.

பாளையங்கோட்டைப் பக்கம் கண்ணாடி வேலை மட்டுமே பார்க்கும் ஒருவரை நண்பர் சொன்னார். டேப் ஒட்டிய இடத்தைக் காட்டியதும் மனுஷன் கருவி எதையும் எடுக்கவில்லை. மேல் பீடிங் மேல் நகத்தை வைத்து இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டே போனார். வலது மூலைக்கு ஒரு சாண் இருக்கும்போது நகம் தட்டி நின்றது. சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து அந்த இடத்தில் செருகினார். பாதி கார்டு உள்ளே போய்விட்டது. “கண்ணாடி நல்லாத்தான் உக்காந்திருக்கு அண்ணாச்சி. பீடிங்தான் வாயைப் பொளந்துட்டு நிக்கு. பழச இழுத்து எடுத்து, அதையே திரும்ப அமுக்கியிருக்காங்க” என்றார்.

பழைய கண்ணாடியை எடுக்கும்போது பீடிங்கைப் பிடித்து இழுத்தால் அது நீண்டுவிடும். வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்த ரப்பர் திரும்பப் பழைய அளவுக்கு வராது. அதையே மறுபடி வைத்தால் நேர் இடங்களில் ஒப்பேற்றிவிடும், மூலையில் வளையும் இடத்தில் தூக்கிக்கொள்ளும். கண்ணாடி மேல் வழுக்கி ஏறி வரும் காற்று, கூரையில் படியும் முன் அந்தத் தூக்கிய உதட்டில் மோதும். புல்லாங்குழல் வேலை செய்வதும் இப்படித்தான். கீழே கேட்ட படபடப்புக்குக் காரணம் இன்னும் எளிது: பிளாஸ்டிக் பேனலைப் பிடிக்கும் கிளிப்புகளில் இரண்டு உடைந்து, ஓட்டை மட்டும் இருந்தது.

ஆனாலும் அவர் உடனே பீடிங் மாற்றலாம் என்று சொல்லவில்லை. பசைக்குள் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார். இந்த வரிசைதான் எனக்குப் பிடித்தது. பசையில் ஓட்டை இருந்தால் இன்றைக்கு விசில், ஐப்பசியில் டேஷ்போர்டுக்குள் தண்ணீர். வண்டிக்குள் ஒருவர் டார்ச்சோடு உட்கார, வெளியே அழுத்தமில்லாமல் குழாய்த் தண்ணீரைக் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே கொண்டுபோக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எங்கே புகுந்தது என்றே தெரியாது. உள்ளே பொட்டு ஈரமில்லை. பிறகு சன்னல்களை ஏற்றி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து புளோயரை முழு வேகத்தில் விட்டு, வெளியே விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினார். காற்று கசிந்தால் நுரை குமிழும். எங்கும் குமிழவில்லை. அப்படியானால் பசை நன்றாக இருக்கிறது, கண்ணாடியைத் தொட வேண்டாம். நன்றாக ஒட்டியிருக்கும் கண்ணாடியை அறுத்தெடுத்தால் கம்பியோ கத்தியோ ஃபிரேம் பெயிண்டைக் கீற வாய்ப்பு அதிகம். பில்லர் டிரிம் கிளிப்புகள் வேறு உடையும்.

புதுப் பீடிங்கும் கிளிப்புகளும் கம்பெனி பார்ட்ஸ் கவுண்டரில் சொல்லி வைத்து வாங்கினேன். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான், காத்திருந்ததுதான் நீளம். என் வண்டியில் மேல் பீடிங் வெளியிலிருந்தே அழுத்திப் பொருத்தும் ரகம். சில வண்டிகளில் கண்ணாடியோடு சேர்ந்தே வரும், அவர்களுக்கு இந்தச் சுலப வழி கிடையாது. வேலை அரை மணி நேரம்கூட இல்லை. முப்பந்தலில் விசில் போயே போய்விட்டது.

விசில் போனதும்தான் அடியில் இருந்த இன்னொன்று கேட்கத் தொடங்கியது. விசில் இல்லை, ஒரு பொதுவான இரைச்சல். டயர் சத்தமும் காற்றின் ‘ஸ்ஸ்’ஸும் முன்பைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் இருப்பது போல. பிரமையோ என்றுதான் முதலில் நினைத்தேன். மச்சினனிடம் இதே மாடல், இதே டயர், ஒரிஜினல் கண்ணாடி. அவன் வண்டியில் உட்கார்ந்து அதே சாலையில் போனபோது வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடி மூலையில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்தோம். அவனுடையதில் சின்னதாக ஒரு காது படம், என்னுடையதில் இல்லை. அவனுடையது அக்கூஸ்டிக் கண்ணாடி.

எந்த முன் கண்ணாடியும் இரண்டு தகடுகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியதுதான். சாதாரணமாக அந்தப் படலம் 0.76 மில்லிமீட்டர். அக்கூஸ்டிக் ரகத்தில் படலத்தின் நடுவில் இன்னும் மெத்தென்ற ஒரு அடுக்கு இருக்கும். கண்ணாடியின் அதிர்வை அது விழுங்கிவிடுகிறது, அதிலும் காற்று இரைச்சல் இருக்கும் உயர்ந்த சுருதிகளில். இது கண்ணாடிக்குள்ளேயே இருக்கும் விஷயம் என்பதால் டேப், பீடிங், பசை எதனாலும் சரிசெய்ய முடியாது. கடையில் “அதே கண்ணாடிதான் சார்” என்றால் அளவும் வளைவும் அதே என்றுதான் அர்த்தம். பழைய கண்ணாடியை எடுத்து எறியும் முன் மூலை முத்திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, அதே குறிகள் புதியதிலும் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த இரைச்சலோடு நான் சமாதானமாகிவிட்டேன். ஊருக்குள் தெரிவதே இல்லை, நெடுஞ்சாலையில் பாட்டை ஒரு புள்ளி கூட்டி வைத்தால் போதும். சும்மா நெடுஞ்சாலையிலேயே ஓடுகிறவர் என்றால் கூடுதல் காசு கொடுத்து அக்கூஸ்டிக்கே போடலாம், தப்பில்லை.

மற்றபடி இந்தக் காலத்தில் கண்ணாடி தொந்தரவு கொடுக்கவில்லை. கத்திரி வெயிலில் பீடிங் மூலை மறுபடி தூக்குமோ என்ற பயம் இருந்தது, தூக்கவில்லை. கழுவும்போதெல்லாம் கை தானாக அங்கே போய் அழுத்திப் பார்க்கிறது, அவ்வளவுதான். பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போய்விடும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உரித்தால் கிழிந்து வேலை செய்யாமல் போகும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். வங்கியில் மாற்று டேக் கேட்டு வாங்கும்வரை டோல்கேட்டில் கூடுதல் கட்டணம் அழ வேண்டும், நான் அப்போது நாங்குநேரியில் ரொக்கமாக இரட்டைக் கட்டணம் அழுதேன். நம்பர் பிளேட்டோடு தந்த ஹாலோகிராம் ஸ்டிக்கரும் அதே கதிதான்.

மச்சினன் இப்போது முன் கண்ணாடியில் கேமரா வைத்த புது வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறான். அதில் கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவு சரிபார்க்க வேண்டும், சாதாரணக் கண்ணாடிக் கடையில் எல்லோரிடமும் அதற்கான கருவி இருக்காது. அவனுக்குப் போனஸைக் காக்கும் ஆட்-ஆனோடு பாலிசி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.